கிடங்கில் வெட்டிய முதல் கண்

ஜிலேபி மீனில் மண்வாடை அடிக்கும் என்று சொல்வார்கள். அது மீனின் குற்றமில்லை, கழுவுகிறவளின் குற்றம். கல் உப்பும் புளித்த மோரும் போட்டு நாலு தடவை தேய்த்தால் எந்த வாடையும் போய்விடும். இதை எங்கள் வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறேன், யாரும் காதில் வாங்கியதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், அதுவும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. இதற்காகவே முன்னமே ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாம்.

என் பெயர் ராதாமணி. எட்டயபுரம் ரோட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற குடும்பத்தின் மூத்த மருமகள். போன வருஷம் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் கல்கிடங்கில் விழுந்து இறந்துபோன முத்துச்செல்வி என் கொழுந்தனின் மனைவி. அந்தச் சாவைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் பஸ் ஏறி வந்தேன்.

முதலில் கிடங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ரோட்டுக்குக் கல் உடைத்த பள்ளம் அது. கரிசலில் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடக்கும் கோடையிலும் அதில் மட்டும் தண்ணீர் வற்றாது. யாரோ எப்போதோ போட்ட ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிவிட்டது. கொக்கு அதன்மேல் நடந்து போகும். காற்றில் வந்த புழுதி படிந்து இடையிடையே புல்கூட முளைத்திருந்தது. புதிதாகப் பார்ப்பவர்கள் தரை என்றே நினைப்பார்கள். அதற்குள் மீன் இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வேலையில்லாதவளுக்குத்தான் யோசனை வரும் என்று என் மாமியார் கோமதியம்மாள் சொல்வார். பதினைந்து பேருக்குச் சமைப்பதை அவர் வேலையில் சேர்ப்பதில்லை.

தொரட்டிக் கம்பின் நுனியில் இருக்கும் அரிவாளால் ஒரு சுளகு அகலத்துக்கு வட்டமாக அறுத்து, அறுத்த செடியைக் கரைக்கு இழுத்துப் போட்டேன். கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அதற்குக் ‘கண்’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். மூடிக்கிடக்கும் இருட்டில் வெளிச்சம் விழுவது அந்த ஒரே இடத்தில்தான் என்பதால் மீன்கள் அங்கே வந்து கூடும். கம்பு வேண்டாம், வீச வேண்டாம். தூண்டில் நரம்பைக் கையில் பிடித்து நேரே கீழே விட்டால் போதும்.

நரம்பில்தான் சூட்சுமம். ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்குப் போனபோது வலைச்சாமான் கடையில் இரண்டு வகை வாங்கினேன். ஒன்று தடித்தது. விரால் இழுத்தாலும் தாங்கும், நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து தூக்கினாலும் தாங்கும். இன்னொன்று தலைமுடி மாதிரி. சின்ன மீனுக்குத் தடித்த நரம்பு ஆகாது. சுருள் சுருளாக நிற்கும், மீனுக்குத் தெரிந்துவிடும். மெல்லியது தண்ணீரோடு தண்ணீராகிவிடும். அதில் அரிசி அளவு முள், அதற்கு ஒரு சாண் மேலே மிளகு அளவு ஈயம். இரைக்குப் பெட்டி ஒட்டுகிற மைதாப் பசையில் கொஞ்சம் எடுத்து மாவில் பிசைந்துகொள்வேன். பசையில் துத்தம் கலப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கலந்துவிட்டால் விஷம். நான் ஒரு நாளும் மாற்றி எடுத்ததில்லை, கவனமான பெண் நான்.

மிதவைக்கு மருந்து முக்காத ஒற்றைத் தீக்குச்சி. ஜிலேபி இரையை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பும். அந்த அசைவு தக்கைக்குத் தெரியாது, தீக்குச்சிக்குத் தெரியும். குச்சி படுத்துக் கிடந்தால் கீழே ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் மீன் யோசிக்கிறது. முழுதாக முங்கிய பிறகுதான் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெறும் முள்தான் வரும்.

இதெல்லாம் நானே கண்டுபிடித்தது. இந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்பதற்கும் ஓர் இடம் கண்டுபிடித்தேன். கல் உடைத்தவர்கள் விட்டுப்போன ஒரு திட்டு, கணுக்கால் ஆழத்தில் தண்ணீருக்குள் ஓடுகிறது. அதன் மேலும் பச்சை மூடியிருப்பதால் வெளியே தெரியாது. கம்பால் குத்திக் குத்திப் பார்த்து அது எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டேன். அது முடிகிற இடத்தில் கம்பு முழுதும் உள்ளே போய்விடும். திட்டின் மேல் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் இடையில் எனக்கென்று உலகத்தில் இருந்தது அந்தச் சுளகு அகலம்தான். பேராசை என்று எழுதிவிடாதீர்கள்.

அப்படிப் பிடித்த மீனைப் பல வருஷம் குழம்பு வைத்தேன். என் கணவர் ராமசுப்பு, பெட்டி ஒட்ட வருகிற பாண்டியம்மாள் அதை விற்கிறாள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டார். நான் திருத்தவில்லை. சாப்பிடுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. மாமியாருக்குத் தெரியும். “ஏட்டி, குடும்பத்துப் பொம்பள கெடங்குல போயி கொக்கு மாதிரி நிக்கியே, ஆபீசுக்கு வாரவ எல்லாம் பாத்துச் சிரிக்கா” என்பார். சொல்லிக்கொண்டே நடுத்துண்டைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொள்வார்.

பிறகு முத்துச்செல்வி வந்தாள். ஓட்டப்பிடாரத்துப் பக்கம் புஞ்சைக்கார வீட்டுப் பெண். சிரித்த முகம். அந்த முகத்தைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், நான் வேறு சொல்ல வேண்டாம். வந்த கொஞ்ச நாளிலேயே என் பின்னால் கிடங்குக்கு வந்து நின்றாள்.

“அக்கா, எனக்கும் சொல்லித் தாங்களேன். வீட்டுக்குள்ளயே கெடந்தா மூச்சு முட்டுது.”

சொல்லிக்கொடுத்தேன். திட்டின் மேல் என் கால் வைத்த இடத்தில் கால் வைக்கச் சொன்னேன். நரம்பு, முள், ஈயம், குச்சி எல்லாம் சொன்னேன். அவளுக்குக் கை இயல்பாகவே லேசு. நான் குச்சியைக் கண்ணால் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியிலேயே மீனைத் தெரிந்துகொண்டாள். “நரம்பு சொல்லுதுக்கா” என்பாள். என்னிடம் அது ஒரு நாளும் எதையும் சொன்னதில்லை.

ஒரு நாள் டிவியில் ஏதோ வெளிநாட்டுச் சேனல். ஏரியே உறைந்து கிடக்கிறது. கம்பளிக்கோட்டுப் போட்ட ஒருவன் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே நரம்பை விட்டுச் சின்னச் சின்ன மீனாக எடுக்கிறான்.

“அக்கா, ஓடி வாங்க. ஒங்கள மாதிரியே ஒருத்தன்!”

வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். “எங்க அக்கா இத எந்த டிவியும் பாக்காமலே செஞ்சிருக்காவ” என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். மாமியார், “அவ செஞ்சது கெடக்கட்டும். நீ பிடிச்சதுல்லா ருசியா இருக்கு” என்றார். இரண்டையும் கழுவியது நான், குழம்பு வைத்தது நான். ருசி மட்டும் அவளுடையது.

அவள் எப்போதும் அப்படித்தான். எங்கே போனாலும் “எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்தது” என்பாள். அது எவ்வளவு பெரிய அகம்பாவம் என்று கவனித்தீர்களா? கையில் நிறைய இருக்கிறவர்கள்தான் அப்படி எடுத்து எடுத்துக் கொடுப்பார்கள். அவள் சொன்னதால் யாரும் என்னைப் பாராட்டவில்லை. அவளுடைய பணிவைப் பாராட்டினார்கள். என் கணவர்கூட, “ஏன் ராதா, அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டு நீயும் பழகிக்கிடேன், பொழுது போகும்லா” என்றார். நல்ல மனிதர், என் பொழுதைப் பற்றி அக்கறைப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு மத்தியானம் கிடங்குக்குப் போனேன். என் டின்னில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு டின்.

“வாங்கக்கா, ஒங்களுக்கும் எடம் போட்டு வச்சிருக்கேன்.”

என் இடத்தில் எனக்கு இடம். நன்றி சொல்லி உட்கார்ந்தேன். அவள் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஏதோ சிரிப்புக் கதை சொன்னாள், நல்ல கதைதான். அன்றைக்கு எனக்கு ஒரு மீன்கூட மாட்டவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கண்ணில் இரண்டு பேர் பிடித்தால் நரம்பு சிக்கும். அது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். எனவே அவளுக்கென்று தனியாக ஒரு கண் வெட்டினேன். என்னுடையதைவிட அகலமாக, அழகாக. வீட்டில் சொன்னபோது மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இப்பத்தாண்டி மூத்தவ மாதிரி நடந்திருக்க” என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அது.

அந்தக் கண்ணில் நரம்பை நேரே இறக்க வேண்டுமானால், திட்டு முடிகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு எட்டு எடுத்து வைக்க வேண்டும்.

அவள் முட்டாள் இல்லை. போகும்போது நின்று கேட்டாள். “திட்டு அதுவரைக்கும் போகுதாக்கா?”

“நான் பாக்காமலா வெட்டியிருப்பேன்?” என்றேன்.

இது பொய்யில்லை. பார்த்துத்தான் வெட்டினேன்.

அவள் சிரித்துவிட்டு நடந்தாள். ஓர் எட்டு தாங்கியது. ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தால் அப்படி ஏமாற்றும். அடுத்த எட்டில் பச்சை பிளந்து மூடிக்கொண்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, மாவில் கை வைத்த மாதிரி. பிறகு அந்தப் புதிய கண்ணில் அவள் தலையும் ஒரு கையும் தெரிந்தன. “அக்கா” என்றாள். கத்தவில்லை. விளக்கு அணைந்தால் சமையல்கட்டிலிருந்து கூப்பிடுவாளே, அந்தக் குரல்.

என் பக்கத்தில் தொரட்டிக் கம்பு கிடந்தது. அதை நீட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் நுனியில் அரிவாள் இருக்கிறது. முகத்தில் பட்டிருந்தால்? எல்லோரும் புகழ்ந்த முகம். தடித்த நரம்பும் டின்னுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தது. அதை எடுக்கக் குனியவும் செய்தேன். ஆனால் சின்ன மீனுக்குத் தடித்த நரம்பு ஆகாது. கையில் இருந்த மெல்லியதை வீசினேன். சரியாக அவள் கையில் போய் விழுந்தது. குறி தப்பவில்லை. அதை அவள் பிடித்தாள், விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள், என்னைப் பார்த்தாள். நரம்பு அவளுக்கு ஏதாவது சொல்லியிருக்கும்.

இழுத்தேன். மெல்லியது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் தாங்கியது.

பிறகு நான் டின்னில் உட்கார்ந்தேன். அறுந்த நரம்பின் ஒரு முனையில் என் தீக்குச்சி புதிய கண்ணில் மிதந்துகொண்டிருந்தது. படுத்திருந்தது, நிமிர்ந்தது, மறுபடி படுத்தது. நான் அவசரப்படவில்லை. அது முழுதாக முங்கிய பிறகுதான் எழுந்தேன். அதற்கிடையில் என் கண்ணில் விட்டிருந்த இன்னொரு நரம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி மாட்டியிருந்தது. பல நாளாக அவ்வளவு பெரியது கிடைத்ததில்லை. முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். துக்க வீட்டில் மீன் சமைக்கக் கூடாது.

அதன் பிறகு ஓடிப்போய்க் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பாண்டியம்மாள்தான் முதலில் வந்தாள்.

ஒரு வருஷமாக நான் நன்றாகத் தூங்கினேன், சாப்பிட்டேன். கொழுந்தனுக்குத் தினமும் சுடுசோறு போட்டேன். நீங்கள் நினைக்கிற மாதிரி கனவில் யாரும் வரவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும்.

போன வாரம் அவளுக்குத் தலைத்திவசம். மாமியார் அவள் படத்துக்கு முன்னால் ஒரு முள்ளும் தீக்குச்சியும் வைத்துக் கும்பிட்டார். “இந்தக் குச்சி வித்தைய எம்மருமக கண்டுபிடிச்சா, வெளிநாட்டுக்காரனே தோத்தான்” என்று வந்தவர்களிடம் சொன்னார். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். பிறகு பாத்திரம் கழுவ வந்த பாண்டியம்மாள் சொன்னாள், இப்போது தெருவில் இளவட்டங்கள் எல்லாம் கிடங்குக்குப் போகிறார்களாம், கரையிலிருந்தே செடியை அறுத்து அதே மாதிரி பிடிக்கிறார்களாம்.

“அதுக்கு என்ன பேரு வச்சிருக்கானுவ தெரியுமாக்கா? செல்வியக்கா கண்ணு. எங்கன வெட்டுனாலும் அதுதான் பேரு.”

‘கண்’ என்ற சொல்லை முத்துச்செல்வியிடம் சொன்னதே நான்தான். கையில் இருந்த பித்தளைச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அன்று இரவுதான், கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து முதல் தடவையாக, எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீங்கள் அன்றைக்கு எழுதியதை என் கணவர் வீட்டில் படித்துக் காட்டினார். ‘இறந்தவர் தாமே கண்டுபிடித்த முறைப்படி ஓட்டை வெட்டி மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது தவறி விழுந்து’ என்று இருக்கிறது. இப்போது இந்தக் காகிதத்தின் ஓரத்தில் ‘பொறாமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழாகத் தெரிந்தாலும் எனக்குப் படிக்க வரும். அதை அடித்துவிடுங்கள். எனக்கு அவள்மேல் பொறாமை இருந்ததே இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பெண், அவள்மேல் எதற்குப் பொறாமை?

தவறி விழுந்தாள் என்பது வேண்டுமானால் அப்படியே இருக்கட்டும். அதை மாற்றினால் உங்களுக்கும் வேலை, எங்கள் வீட்டுக்கும் அவமானம். முதல் கண்ணை வெட்டியது யார் என்பதை மட்டும் திருத்தி எழுதுங்கள்.