ஒரு வரி இறங்கிய சாலை

எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். பென்சிலைக்கூடச் சீவிய பிறகுதான் மேசையில் வைப்பேன். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிப்பதும் அதனால்தான். விசாரணையில் நீங்கள் கேட்டதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், சார். வரிசை சரியா என்பதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

சாலைப் பிரிவு அலுவலகத்தில் தட்டச்சு வேலை எனக்கு. எங்கள் மேலதிகாரிக்கு எந்தத் தாளிலும் எதையாவது மாற்றாமல் கையெழுத்து ஓடாது. புதுச் சாலையின் வரைபடம் வந்தது. அந்தக் கோப்பு அவர் கணினியில் திறக்கவே மறுத்தது.

"இத வேர்டுல மாத்திக் குடுப்பா. என் பதவியையும் மேல போட்டுடு. ராத்திரியெல்லாம் கிளாஸ் போறியே, எதுக்காவது உதவட்டும்," என்றார்.

ஞாயிறு காலை வீட்டில் உட்கார்ந்தேன். வீடு என்றால் அக்கா வீட்டின் பின்னறை. வரைபடக் கோப்பைப் போட்டால் திருத்தக்கூடிய ஆவணமாக்கித் தரும் இணையதளம் ஒன்று கிடைத்தது. இலவசம். போட்டேன், வந்தது. வீடுகளெல்லாம் படமாகத் தாளில் அசையாமல் ஒட்டியிருந்தன. சாலை மட்டும் எழுத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது. மேலே ஒரு வரி கூடினால் சாலை ஒரு வரி இறங்கும். இது எனக்கு முதலில் தெரியாது.

மேலதிகாரியின் பதவியைத் தட்டினேன். காலி மனை வழியே போன சாலை கீழே இறங்கி, நான் உட்கார்ந்திருந்த அறையின் மேல் ஏறிக்கொண்டது.

பதறவில்லை. என்டரை ஒருமுறை தட்டினேன். சாலை அக்கா வீட்டை விட்டு இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனது. அது ட்ரம்பெட் வாத்தியார் வீடு.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் படிக்க உட்காரும் நேரத்தில்தான் அவருக்கும் மூச்சு வரும். தினமும் ஒரே மெட்டு, ஒரே இடத்தில் தடுக்கி விழும். "பாவம்டா, பொண்டாட்டி போனப்புறம் அவருக்கு அதுதான் பேச்சுத்துணை," என்பாள் அக்கா. நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன்.

மறுநாள் மேலதிகாரி தாளைப் பார்த்தார். "பதவி எடுப்பா இருக்கு," என்று கையெழுத்துப் போட்டார். சாலையை அவர் பார்த்ததாக நினைவில்லை.

நோட்டீஸ் வந்ததும் வாத்தியார் என்னிடம்தான் வந்தார். "தம்பி, காலி மனைன்னுதானே சொன்னாங்க? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். "உங்க வீடுதான் வருது, வாத்தியாரே," என்றேன். தாளில் அப்படித்தான் இருந்தது. நான் பொய் சொல்வதில்லை.

இடித்த அன்று அவர் ட்ரம்பெட்டைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "மனுஷன் எங்க போவாரு? உன் ரூம்ல இருக்கட்டும். நீ ஹால்ல படுத்துக்கோ."

இப்போது அவர் எங்களோடு இருக்கிறார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வாசிக்கவே ஆரம்பிக்கிறார்.

செய்ததைப் பழையபடி ஆக்க முடியாதா என்று கேட்டீர்கள். முடியும். முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சாலையை வேறெங்கும் நகர்த்த முடியாதா என்றும் கேட்டீர்கள். அதையும் மறைக்கவில்லை. அந்த ஞாயிறு காலை என்டரை இன்னொரு முறையும் தட்டினேன். சாலை இன்னும் இறங்கி வாய்க்கால் ஓரமாகப் போய் நின்றது. அங்கே யார் வீடும் இல்லை. நிம்மதியாக இருந்தது. சேமிக்கப் போனேன்.

அப்போது வாத்தியார் ஆரம்பித்தார். மெட்டு வழக்கமான இடத்தில் தடுக்கியது. நான் ஒரு வரியை அழித்தேன்.

ஒரு தாளில் அடுத்தடுத்து இரண்டு வெற்று வரிகள் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, சார்.