பெயரெழுதிக் கையொப்பமிட்ட மரியமலர் அக்காவுக்கு, எங்கள் பெயர்களோடு

திருகோணமலைத் துறைமுகக் கரையில், எங்கள் நங்கூரமுனை ஹோட்டலின் அறைகளை அழகுபடுத்தி, அங்கே உழைத்த பெண்களை அரவணைத்து, இருபத்தாறு ஆண்டுகள் பணிசெய்து இன்று ஓய்வுபெறும் அறைப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளரே! பாலையூற்றின் பண்புமிகு மகளே! கசங்காத விரிப்புக்கும் கலங்காத மனத்துக்கும் உரியவரே! எங்கள் மரியமலர் அக்காவே! உங்களை வணங்கி மகிழ்கிறோம்.

புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் இன்று பத்து நிமிடம் அந்தக் கதிரையில் பொறுமையாக இருங்கள். மேசை விரிப்பு கோணலாகக் கிடக்கிறது என்று எழும்ப வேண்டாம். அதைப் பிறகு நாங்கள் சரிசெய்வோம்.

விரிப்பின் மூலையை மடித்த விதத்தைப் பார்த்தே அது யாருடைய கை என்று சொல்லும் கண்கள் உங்களுடையவை! காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையையும், வீட்டில் அழுதுவிட்டு வந்த பிள்ளையையும் அதே கண்கள் கண்டுபிடித்துவிடும். அப்படித்தான் லதுஷாவையும் கண்டீர்கள்.

நல்ல நாளில் அந்தக் கதை எதற்கு என்று எங்களில் சிலர் கேட்டார்கள். அதை விட்டுவிட்டு உங்களைப் பற்றி வேறு என்னத்தை எழுதுவது?

எட்டு ஆண்டுகளுக்கு முன், திரியாயிலிருந்து வேலைக்கு வந்த லதுஷாவுக்கு ஒரு மேலதிகாரி விடாமல் தொல்லை கொடுத்தார். சாவி கொடுக்கும் சாட்டில் கையைப் பிடித்தார். தொலைபேசியில் வாசிக்கக் கூசும் செய்திகளை அனுப்பினார். அவள் மறுத்ததும், ஆள் நடமாட்டமில்லாத மூலைக் கட்டடத்தில் தனியாக வேலை செய்யும்படி கடமை அட்டவணையை மாற்றினார். வேலையே வேண்டாம் என்று அவள் பையைக் கட்டியபோது நீங்கள்தான் வாசலில் மறித்தீர்கள். “பிழை செய்தவன் இருக்கிறான், நீ ஏன் பிள்ளை போறாய்?” என்று கேட்டீர்கள்.

நாங்களும் பெரிய வீரத்தோடு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினோம். பெயர் போடப் பயந்து, கீழே ‘இப்படிக்கு, ஊழியர்கள்’ என்று முடித்தோம். முகாமையாளர் அதைத் திருப்பித் தந்து, “எந்த ஊழியர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் வீரம் அத்தோடு சரி. றிக்சன் வரவேற்பு மேசைக்குப் பறந்தார். றம்லா ஓடாத சலவை இயந்திரத்துக்குக் காவல் நின்றார். தலைமைச் சமையற்காரர் சிறில் மீன் எண்ணப் போகிறேன் என்று குளிரறைக்குள் புகுந்தார்; அன்று மீனே வரவில்லை.

நீங்கள் லதுஷாவிடம் சம்மதம் கேட்டீர்கள். அவள் ஓம் என்ற பிறகு பேனையை எடுத்தீர்கள். “பேர் இல்லாட்டிக் கிழிச்சுப் போடுவாங்கள். இந்தா, என்ட பேர்” என்று சொல்லி, அந்தக் கடிதத்திலேயே முழுப்பெயர், பதவி, சேவை இலக்கம், வீட்டு விலாசம் எல்லாம் எழுதிக் கையொப்பமிட்டு, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினீர்கள்.

அதற்காக நான்கு மாதம் உங்களைப் பழைய துணிக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருக்கவும் நாங்கள் பயந்தோம். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, அக்கா. விசாரணை நடந்து, குற்றம் உறுதியாகி, அந்த மேலதிகாரி நீக்கப்பட்ட பின் நீங்கள் திரும்பி வந்தீர்கள். ‘கடிதம் எழுதிய அன்று எங்கே ஓடினீர்கள்?’ என்று எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தீர்கள்.

அன்றிலிருந்து மூலைக் கட்டடத்துக்கு இருவராகத்தான் போகிறோம். கடமை அட்டவணை எல்லோரும் பார்க்கச் சாப்பாட்டறைச் சுவரில் தொங்குகிறது. ஒருவர் நினைத்தபடி மாற்ற ஏலாது. புதிதாக வருகிற ஆண்களுக்கும் பெண்களுக்கும் முதல் நாளே நீங்கள் சொல்வது ஒன்றுதான்: விருந்தினர் என்றாலும் அதிகாரி என்றாலும், உங்களைத் தொடும் உரிமை யாருக்கும் இல்லை, நடந்தால் வந்து சொல்லுங்கள், நாங்கள் நம்புவோம். அந்த ‘நாங்கள்’ இதுவரை நீங்கள் ஒருவர்தான்!

நாளைக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் யார் கையொப்பமிடுவார்கள் என்பதே எங்கள் பயம். சென்ற வாரம் றம்லா அதை உங்களிடமே கேட்டுவிட்டார். “நான் என்ன, பேனையையும் கொண்டே போறன்?” என்று சிரித்தீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அன்று மாலை கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம்.

எங்கள் அன்பின் அக்காவே! முழங்கால் நோ தீர்ந்து, மூச்சு நிறையக் கடற்காற்று வாங்கி, நெடுங்காலம் நலமோடு வாழுங்கள்! பாலையூற்று வீட்டில் இனி உங்கள் கட்டிலை வேறு யாராவது விரிக்கட்டும். அதில் பிழை பிடிக்காமல் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்!

இத்தகைய மடலின் அடியில் ‘ஊழியர்கள்’ என்று போடுவதே வழக்கம். நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் பெயரெழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். ஓரமெல்லாம் எழுத்தாகி அழகு கெடும் என்றார் இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர். கெடட்டும் என்றோம்.

சிறில், தலைமைச் சமையற்காரர், உப்புவெளி
றம்லா, சலவைப் பிரிவு, குறிஞ்சாக்கேணி
றிக்சன், வரவேற்புப் பிரிவு, பாலையூற்று
(மற்றும் முப்பத்தெட்டுப் பெயர்கள், ஓரங்களில்)
லதுஷா, அறைப் பராமரிப்புப் பிரிவின் புதிய பொறுப்பாளர், திரியாய். நான் போகேல்லை, அக்கா.