ஏரிமேட்டுக் கூடாரம்

ராத்திரி எட்டு மணி… ஐப்பசி அடைமழை. ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போகிற வண்டிப்பாதை. வெள்ளைக்காரன் காலம், வழியில் விளக்கு ஏது? அந்தப் பாதையில் கோவிந்தன் தனியாக நடந்துகொண்டிருந்தான். கையில் ஒரு துணி மூட்டை. இங்கே உங்களோடு உட்கார்ந்து கதை கேட்கிற நம்ம உலகநாதனுடைய சித்தப்பாதான் இந்தக் கோவிந்தன். பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், பாதியில் எழுந்தால் தனியாகத்தான் போக வேண்டும்.

மூட்டையில் இருந்தது பிறந்து ஒன்பதே நாளான பெண் குழந்தை. அவனுடைய குழந்தைதான். காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மழைக்குப் பயந்து துணைக்கு ஒருவரும் வரவில்லை. மதகைத் தாண்டி ஒரு வேப்பமரம்… ஊரில் பச்சைப் பிள்ளைகளைப் புதைக்கிற இடம் அது. கோவிந்தன் அதுவரை போகவில்லை. நரி ஊளையிட்டது. பாதி வழியில் இருந்த மேட்டிலேயே கையால் மண்ணைப் பறித்து, முழங்கை ஆழத்தில் வைத்து மூடிவிட்டு ஓடி வந்துவிட்டான். பெண்டாட்டி முனியம்மாவிடம், "வேப்பமரத்தாண்ட பொதைச்சிட்டேன்" என்றான்.

பால் குடிக்கிற பிள்ளை செத்தால், தாய் தன் பாலைப் பீய்ச்சி அந்தக் குழிமேல் ஊற்றுவாள். பிள்ளை பசியோடு போகக் கூடாதல்லவா? முனியம்மா ஊற்றினாள். வேப்பமரத்தடியில். மார் வற்றிய பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் பசும்பால் கொண்டுபோய் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் அவள் காலிச் செம்போடு திரும்பி வரும்போது கோவிந்தன் அவமானத்தில் செத்துப் பிழைப்பான். சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அப்படியே மூன்று வருஷம்.

அந்த ஏரியை ஒட்டி ஒரு மாந்தோப்பு. கோவிந்தன் அதற்குக் காவல். தோப்புக்குச் சொந்தக்காரர் பட்டணத்து வக்கீல் ராஜசேகரன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மனைவி தாட்சாயிணி, ஐந்து மாத ஆண் குழந்தை, ஏலத்தில் எடுத்த பட்டாளத்துக் கூடாரம் சகிதம் கூண்டு வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரன் குடும்பத்தோடு வெட்டவெளியில் தங்குகிறானாம், இவருக்கும் ஆசை. ஏரிக்கரையைச் சுற்றிப் பார்த்தவர் கைத்தடியால் ஓர் இடத்தைக் காட்டினார்.

அதே மேடு.

கோவிந்தன் குறுக்கே வந்து நின்றான். "கூடாரம் வாணாங்க எஜமான். பனி சொட்டும், எறும்பு ஏறும். தோப்புல குடிசை கீது. சாணி மெழுகி சுத்தமா வச்சிக்கிறேன்."

"குடிசையில அடைஞ்சு கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அப்ப கூண்டு வண்டிலயே படுத்துக்குங்க. மெத்தையப் போட்டா ரயிலு பொட்டி கணக்கா இருக்கும். பூச்சி பொட்டு அண்டாது."

"அதுல காலை நீட்ட முடியுமா? காத்துதான் வருமா? கூடாரம்தான். மேடா இருக்கு, தண்ணி நிக்காது. முளையை அடி."

ஏன் வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் முனியம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். அவன் குனிந்து முளையை எடுத்தான். டொக்… டொக்… நாலு மூலையிலும் அவன்தான் அடித்தான். தன் பிள்ளை தலைமாட்டில் அடிக்கிறோமா, கால்மாட்டில் அடிக்கிறோமா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. தோப்பிலிருந்தே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தவளைச் சத்தம்… கூடாரத் துணி காற்றில் படபடக்கிற சத்தம்… வேறு ஒன்றும் இல்லை. அப்பாடா என்று விடிந்தது.

விடிந்ததும் கோவிந்தனும் முனியம்மாவும் காப்பிக்குப் பால் எடுத்துக்கொண்டு போனபோது தாட்சாயிணி கூடாரத்திலிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ராத்திரி பூரா பிள்ளை தூங்க விடலை. இந்தப் பக்கம் குடிச்சு, அந்தப் பக்கம் குடிச்சு… எத்தனை குடிச்சாலும் அடங்கலை. கடிச்சு வேற வெச்சுட்டான். உடம்பு என்னமா சில்லிட்டுக் கிடந்தது தெரியுமா?"

ராஜசேகரன் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். மடியில் பிள்ளை பொக்கை வாயால் கொட்டாவி விட்டது. "பனி சொட்டுதேன்னு ஒன்பது மணிக்கே நான் இவனை வண்டிக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். நீ அசந்து தூங்கிட்டிருந்தே. இவன் என்கிட்டேதான் இருக்கான்."

தாட்சாயிணி கையால் மாரைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை. கூடாரத்தைப் பிரித்து எடுக்கவும் நிற்காமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முனியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். கூடாரத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"வேப்பமரத்தாண்டதான பொதைச்சே?"

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு வருசமா நான் யாருக்கு ஊத்திக்கினு இருந்தேன்?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் பேசாமல் கூடாரத்தைப் பிரித்துப் போட்டாள். முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பொழுது சாய்ந்ததும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு அந்த மேட்டில் போய்ப் படுத்துவிட்டாள். கூடப் போக இவனுக்கு முகம் இல்லை.

கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு மனசு கேட்காமல் போனான். முனியம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முந்தானை தொப்பலாக நனைந்திருந்தது. பனி என்றுதான் நினைத்தான். கிட்டே போனதும்… பால் வாசனை. அவளுக்குப் பால் வற்றி மூன்று வருஷம் ஆகிறது.

"சத்தம் போடாத," என்றாள். "இப்பத்தான் கண்ணசந்துச்சு."

மெல்ல எழுந்து உட்கார்ந்தாள், இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு. கைகளில் ஒன்றும் இல்லை. கோவிந்தன் நன்றாகப் பார்த்தான். ஒன்றுமே இல்லை.

"உசுரோட இருந்தப்ப நீ ஒரு வாட்டிகூடத் தூக்கல. இந்தா, புடி."

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கைகளை நீட்டினான்.

சில்லென்று கனம் இறங்கியது. ஒன்பது நாள் குழந்தையின் கனம் இல்லை அது… மூன்று வயதுப் பிள்ளையின் கனம்.