‘டா’வுக்கும் ‘ங்க’வுக்கும் நடுவில்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. சூடாக இருந்தால் எனக்குப் போதும். நீங்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டதையும் கவனித்தேன். வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் தொழில். திரையில் இருப்பவர் வாயைத் திறக்கும்போது தமிழும் தொடங்க வேண்டும், மூடும்போது முடிய வேண்டும். உதட்டுக்கு வார்த்தை பொருந்தாவிட்டால் பார்க்கிறவர்கள் கண்டபடி திட்டுவார்கள். பொருந்திவிட்டால், எழுதியவன் ஒருவன் இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

சில வருடங்களாக ஒரே தொடர். ஒரு நர்ஸ், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர், இருவரும் உயிர் நண்பர்கள். அவன் சாப்பிடாமல் வண்டி ஓட்டினால் அவள் சத்தம் போடுவாள். அவள் அழுதால் அவன் கேலி பேசியே சிரிக்க வைப்பான். கடைசி எபிசோடில் அவள் ஒரு சர்ஜனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். சர்ஜன் நல்லவன்தான், பேச்சில் தேன் ஒழுகும். ஆனால் அவன் எதிரில் அவள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சிரித்ததில்லை. கதை எழுதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தொடரின் மூல மொழியில் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான். யாருக்கு ‘டா’, யாருக்கு ‘ங்க’ என்று முடிவு செய்தது நான். டிரைவரை அவள் முதல் எபிசோடிலேயே ‘போடா’ என்றாள். சர்ஜன் வந்ததும் ‘சொல்லுங்க’ என்றாள். யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதியது. நீங்களே சொல்லுங்கள். ஒருவனை ‘டா’ போட்டுக் கூப்பிடுகிற பெண்ணுக்கு அவனிடம் பயம் கிடையாது. ‘ங்க’வில் எப்போதும் ஓர் அடி பின்வாங்கல் இருக்கிறது. பயந்துகொண்டு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவாள்? அவள் டிரைவரைத்தான் கட்டியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம்.

ஸ்டூடியோ முதலாளிக்குப் புரியவில்லை. கடைசிக் காட்சியில் அவள் சர்ஜனிடம் ‘உங்களோட வர்றேன்’ என்று சொல்ல வேண்டும். நான் அதை ‘உன்னோட வர்றேன்டா’ என்று மாற்றி, பக்கத்தில் நிற்கிற டிரைவரிடம் சொல்வதுபோல் திருப்பியிருந்தேன். உதடு அச்சாகப் பொருந்தியது. முதலாளி படித்துவிட்டு, “கதைய மாத்த நீ யாருப்பா? எழுதினோமா, போனோமான்னு இரு” என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். வீட்டில் சொல்லி ஆறலாம் என்றால், என் மனைவி அதற்கு முன்பே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சொல்லாமல் போனாள். எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த எபிசோட் ஒருமுறை ஒளிபரப்பாகிவிட்டால் அவ்வளவுதான், நர்ஸ் காலம் முழுக்க ‘சொல்லுங்க, சரிங்க’ என்று அந்த சர்ஜன் வீட்டில் கிடப்பாள். சோறு இறங்கவில்லை. பயந்தவன் நான்தான், இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

குரல் கொடுத்த இருவரையும் ஸ்டூடியோவில் நர்ஸ், டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். என்னை இருவரும் அண்ணா என்பார்கள். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அவனுக்கும் மனைவி, ஒரு பெண் குழந்தை. அது வேறு விஷயம், எனக்கு வேண்டியது குரல்.

வார விடுமுறையன்று மதியம், சின்னத் திருத்தம் இருக்கிறது என்று வரச் சொன்னேன். உடனே வந்தார்கள். வளையல், சாவி, போன், பை எல்லாவற்றையும் வெளியே என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஒலிப்பதிவு அறைக்குள் போக வேண்டும், இல்லையென்றால் மைக்கில் சத்தம் விழும். நான் கொண்டுவந்த விதிதான். அவனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரை எப்போதும்போல என்னிடம் தந்து, “என் ரெண்டாவது சம்சாரம்ணா, பத்திரமா பாத்துக்குங்க” என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

அவர்கள் உள்ளே போனதும் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஏசியை நிறுத்தினேன், அதுவும் சத்தத்துக்காக எப்போதும் செய்வதுதான். என் வசனத்தை நான் எழுதியபடி பேசிவிட்டால் திறக்கிறேன் என்று மைக்கில் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். கதவைத் தள்ளிப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

“விளையாடாதீங்கண்ணா. இது வெறும் கதைண்ணா” என்றாள்.

முதல் டேக்கிலேயே வரி சரியாக வந்தது. ஆனால் குரல் நடுங்கியது. பயம் தெரிகிறது, அன்பு தெரிய வேண்டும் என்று விளக்கினேன். மறுபடி சொன்னாள். நடுவில் அவன் இருமிக் கெடுத்தான். பழைய கார்ப்பெட், தூசி இருக்கத்தான் செய்யும். மறுபடி. அந்த அறையில் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. அது தெரிந்தும் அவள் சுவரை ஓங்கி ஓங்கித் தட்டினாள். ஹெட்போனில் அவன் மூச்சு விசில் மாதிரி இழுத்துக்கொண்டு கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என் கையையே பார்த்தான். இன்ஹேலர் என் கையில்தான் இருந்தது. இந்த ஒரு டேக் முடியட்டும், தருகிறேன் என்றேன்.

“சொல்றேங்க. நீங்க சொல்ற மாதிரியே சொல்றேங்க. அவனுக்கு அத மட்டும் குடுத்துடுங்க” என்றாள். ‘அண்ணா’ போய்விட்டது, அதைக் கவனித்தேன். கை கூப்பியிருந்தாள். அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது, எங்கே என்று நினைவுக்கு வரவில்லை. நடுக்கம் இருந்ததால் இன்னொரு டேக் கேட்டேன்.

அப்போது அவன் சரிந்து உட்கார்ந்தான். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் என்னையும் மைக்கையும் மறந்துவிட்டு அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். “எந்திரிடா. என்னப் பாருடா. டேய், உன்னோட வர்றேன்டா” என்றாள். அதில் நடுக்கமே இல்லை. பதிவில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அப்படிச் சொல்லும்வரை நான் காத்திருந்தேன். அவன் பேசவில்லை, அந்த இடத்தில் அவனுக்கு வசனமும் கிடையாது. பிறகுதான் கதவைத் திறந்தேன், அதற்குள் அவன் உயிர் போயிருந்தது. திறந்தால் அவன் பிழைப்பான் என்பது எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்கிறீர்கள். நல்ல டேக் வந்தால் தொண்டைக்கு ஓய்வு கொடுப்பாள், அது அவள் பழக்கம். என் பெயரைச் சொன்னாலே கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறாள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. என்னைப் பார்த்து யாரும் பயந்ததே கிடையாது. சந்தேகமாக இருந்தால் என் மனைவியிடம் கேளுங்கள். இத்தனை வருடத்தில் நான் எது சொன்னாலும் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை ஒன்றுதான்: “சரிங்க.”