குழலில் துரு

பழைய இராணுவத் தோட்டாவால் சுட்டால் அன்றைக்கே துப்பாக்கியைச் சுடுதண்ணீரில் கழுவிவிட வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பது போலத்தான். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் மருந்தில் உப்பு இருக்கும். விட்டுவிட்டால் சில நாளில் குழல் துருப்பிடித்துப் போகும். தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னபடியால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

என் பெயர் விநாயகமூர்த்தி. ரூஜில் வீடு, பக்கத்து ஊரான அஜக்ஸில் லேத் வேலை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளை வாங்கி வைத்து, ஞாயிறுகளில் ஒஷாவாப் பக்கத்துக் கிளப்பில் சுடுவேன். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் உண்டு. அவற்றில் ஒன்று 1942இல் ருஷ்யாவில் செய்தது. பெரிய போரொன்றை வென்று வந்த சாமான், குழலுக்குள் ஒரு கீறல் கிடையாது. 2009இல் நாங்கள் எல்லாவற்றையும் தோற்றுக்கொண்டிருந்த அந்த வைகாசியில், என் வீட்டில் வென்றது என்று இருந்தது அது ஒன்றுதான்.

பஸ்ரியன் என்னோடு வேலை செய்தவன், கிளப்பிலும் கூட்டாளி. நல்ல மனிதன்தான், ஆனால் அசண்டையீனம், எதிலும் கவனமில்லை. ஒரு ஞாயிறு இருவரும் அதைச் சுட்டோம். கழுவுவது அவன் முறை. துப்பாக்கியைப் பெட்டிக்குள் பூட்டி எடுத்துக்கொண்டு போனான். அன்று பின்னேரம், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி, இங்கே நம் சனம் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டது. அவனும் போய்விட்டான். அவனுடைய அக்கா அன்ரனெற் வன்னியில் அகப்பட்டிருந்தா. போனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

பெட்டி என்னிடம் திரும்பி வந்தபோது சண்டை முடிந்துவிட்டது. குழலுக்குள் செம்மண்ணை அப்பிவிட்டது போல இருந்தது. அவனுக்குப் போன் எடுத்தேன்.

"உதைக் கழுவினனீரே?"

"எதை அண்ணை?"

"பிஸ்ரலை."

"அண்ணை, அக்கான்ர செய்தி ஒண்டும் இல்லை. அங்கை சனம் செத்துக் கிடக்குது. நீங்கள் துருவைப் பற்றிக் கதைக்கிறியள்."

அந்தக் கதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. சனம் சாகிறதென்று சாப்பிட்ட கோப்பையை அப்படியே விட்டுவிடுகிறோமா? மாதக்கணக்காக எவரைக் கேட்டாலும் இதே பதில். வேலையில் அளவு பிழைக்கும், தந்த வாக்குத் தவறும், கேட்டால் ஊர்ச் செய்தி. அங்கே நடந்த எதையும் என்னால் தடுக்க முடியவில்லை. பழுதாகாமல் பார்த்துக்கொள்ளக் கூடியதாக என் கையில் இருந்தது ஒரேயொரு பொருள். அதையும் கெடுத்துவிட்டு எனக்கே புத்தி சொல்கிறான்.

"ஒருக்கால் வந்து பாரும்" என்றேன்.

வந்தான். கண் வீங்கியிருந்தது. போனைக் கையிலிருந்து வைக்கவேயில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. புதுக் குழல் ஒண்டு வாங்கித் தாறன்."

புதுக் குழல் போட்டால் அது 1942ஐச் சேர்ந்ததாக இருக்குமா? அதைக்கூட அவன் விளங்கிக்கொள்ளவில்லை. அவனை விளக்குக்குக் கீழே இருத்தினேன்.

"உள்ளை பாரும், என்ன செய்து வைச்சிருக்கிறீர் எண்டு."

ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை நான் நீட்டிய குழலின் வாயில் வைத்தான். தோட்டா இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. மூன்று தரம் திறந்து பார்க்காமல் நான் எவர் கையிலும் துப்பாக்கி கொடுப்பதில்லை என்று கிளப்பில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். நான் விசையை இழுத்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. கோபம் ஒரு கணம் கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆம்புலன்சைக் கூப்பிடுமுன் துப்பாக்கியைக் கழுவியதைத் தடயத்தை அழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பிழை, திருத்திக்கொள்ளுங்கள். பழைய தோட்டா, அன்றைக்கே கழுவ வேண்டும். கழுவிக்கொண்டிருக்கும்போது அவனுடைய போன் அடித்தது. நீளமான நம்பர். கை ஈரமாக இருந்தபடியால் எடுக்கவில்லை. அகதி முகாமிலிருந்து அவனுடைய அக்கா அன்ரனெற்தான் கூப்பிட்டா என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கழுவ அதிக நேரம் எடுக்கவுமில்லை. பஸ்ரியன் வருமுன்பே நான் கேத்திலைக் கொதிக்கப் போட்டுவிட்டேன்.