தகரத் தோப்பின் இரண்டாம் பதிப்பு

பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்களைப் போல மரியாதை தெரிந்தவர்களைப் பார்க்க முடியாது. கனடாவில், இந்த வினிப்பெக்கில் என் கடைக்கு வருகிறவர்கள் பனிக்காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் பெட்டிகளைத் துழாவுவார்கள். அவர்களுக்காகத்தான் எல்லாம் செய்தேன். நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்கு இது புரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

ஊர் மறந்துபோன குழுக்களின் பாட்டுகளைத் திரும்பவும் தட்டாக்கி வெளியிடுவது என் தொழில். ‘தகரத் தோப்பு’ அப்படி ஒரு குழு. அறுபதுகளின் கடைசியில், கஞ்சாப் புகைக்கு நடுவே, ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஒரே ஒரு தட்டைப் பதிவு செய்துவிட்டுக் கலைந்துபோனார்கள். பாடியவர் வெர்னா டேவ்ஸ். கல்லும் கரையும் குரல். அவரை ஊர் ஊராகத் தேடினேன். ஆண்களைத் தேடினால் அகப்பட்டுவிடுவார்கள். பெண்களோ கல்யாணமாகிப் புருஷன் பெயருக்குள் போயிருப்பார்கள். உறையில் அச்சான பெயரையே கட்டிக்கொண்டு அழுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன். ஆள் கிடைக்கவில்லை. எனவே, அவர் ஒரு மார்ச் மாதம் கிம்லியில் உறைந்த ஏரியின்மேல் நடந்துபோய்த் திரும்பவேயில்லை என்று மறுபதிப்பின் உறையில் எழுதினேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பாட்டைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

தட்டுகள் பறந்தன. ஜப்பானிலிருந்துகூட வந்து ஏரிக்கரையில் பூ வைத்து அழுதுவிட்டுப் போனார்கள். இரண்டாம் பதிப்புக்கு விழா எடுக்கலாம் என்றிருந்தபோது கடைக்கு ஒரு ஃபோன் வந்தது.

“ஏன் தம்பி, என்னைக் கொன்னது நீதானா?” என்று ஓர் அம்மாள் சிரித்தார். “வெர்னாதான் பேசுறேன், வடக்க ஃப்ளின் ஃப்ளான் ஊர்லேர்ந்து. பேத்தி ஏரிக்கரைப் படம் காட்டுனா. செத்தவளுக்கு இம்புட்டுப் பூவா? என் புருஷன் இருந்தவரைக்கும் ஒத்தப் பூ வாங்கித் தந்ததில்ல.”

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவருக்கு விழாவில் பாட வேண்டுமாம்.

“ஆயுசு பூரா பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்கு வறுத்துக் கொட்டிட்டேன். ஒரே ஒரு பாட்டு, தம்பி.”

எனக்குப் பயம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சாப்பாடு இறங்கவில்லை. கடையின் வாசல் மணி அடித்தாலே உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கரையில் அழுதவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மற்ற உறைகளில் நான் எழுதியதையும் தோண்டுவார்கள். அந்தப் பயம் உங்களைப் பிடித்திருந்தால் நீங்களும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டீர்கள்.

தாராளமாகப் பாடுங்கள் என்றேன். விழாவரைக்கும் யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். பேத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், பாருங்கள். புதிய அட்டைக்குப் படம் எடுக்கலாம் என்று கிம்லிக்கு அழைத்துப் போனேன். உதட்டுச் சாயம் பூசி, பேத்தியின் சிவப்புக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். வழியில் பைரோகிக் கொழுக்கட்டை வாங்கிக் கொடுத்தேன், ருசித்துச் சாப்பிட்டார்.

வடக்கத்திக்காரர் அல்லவா, கரையில் நின்றதுமே கேட்டுவிட்டார்.

“ஐஸ்மேல போட்டு மீன் பிடிக்கிற குடிசை ஒண்ணையும் காணோமே. ஐஸ் இளகிருச்சா?”

ஐஸ் தாங்காது என்று தெரிந்தால் மீன்காரர்கள் குடிசைகளைக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். அந்த வாரம்தான் இழுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும்.

“காத்துக்காக அந்தப் பக்கம் நகர்த்திட்டாங்கம்மா,” என்றேன். நம்பி இறங்கினார்.

“இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்கம்மா. வெளிச்சம் நல்லா விழுது.”

“கீழ என்னமோ சத்தம் கேக்குது தம்பி. பயமா இருக்கு.”

“சிரிச்சுக்கிட்டே இன்னும் ஒரு எட்டு.”

ஐஸ் நீளமாக முனகியது. மார்பளவு இறங்கியவர், முழங்கைகளை விளிம்பில் ஊன்றிக்கொண்டு “லாயிட், லாயிட்” என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஊன்றிய இடமெல்லாம் உடைந்தது. முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் பேத்தியைக் கூப்பிட்டார். வயது அந்தக் குரலைத் தொடவேயில்லை. அதன்பின் சிவப்புத்துணி மட்டும் மிதந்தது. நீங்கள் மேசையில் பரப்பியிருக்கும் படங்களில் எல்லாம் வரிசையாக இருக்கிறது.

காரில் கயிறு இருந்ததே, ஏன் எறியவில்லை என்கிறீர்கள். எறிந்திருப்பேன் ஐயா. என் இரண்டு கையிலும் கேமரா இருந்தது.