மிச்ச ஊசி மருந்து

உரும்கான்: ...அதே செஃப்ட்ரியாக்சோன் ஊசி மருந்துதான் மேரிம். ஆனா இந்தத் தடவை வெளிநாட்டுச் சரக்கா ஏழு குப்பி குடு.

மேரிம்: என் மருந்துக்கடையில எல்லாம் ஒரே சரக்குதான் அக்கா. யாருக்கு? தெருவுல யார் வீட்டுல ஊசி போடப் போறீங்க?

உரும்கான்: எதுக்குக் கேக்குற? பத்து வருஷமா கேட்டதில்லையே.

மேரிம்: கேக்காம குடுத்துக் குடுத்துத்தான் உங்களைப் பாதி டாக்டர் ஆக்கிட்டேன்.

உரும்கான்: பாதியா? என் கையால போட்டா வலிக்காதுன்னு நரின் ஊரு பூரா பேரு. ஊசி போட்டா ஒரு தட்டு பொரிச்ச பொர்சோக் ரொட்டி குடுக்காம யாரும் அனுப்புறதில்ல.

மேரிம்: சரி, யாருக்கு?

உரும்கான்: ...ஐஸாதாவுக்கு.

மேரிம்: உங்க மருமகளா? ஆஸ்பத்திரியில இல்ல இருக்கா?

உரும்கான்: ரெண்டு நாளா இருக்கா. இடுப்புக்கு மேல குத்துது, நடுங்குது. சிறுநீரகத்துல கிருமியாம். ஏழாவது மாசம் வேற... இதே ஊசியத்தான் அங்கயும் போடுறாங்க. சுரம் எறங்கவே இல்ல. அங்க இருக்கறது போலி மருந்து. நான் நல்லதா வாங்கிட்டுப் போய்...

மேரிம்: நில்லுங்க. மருந்து போலியா இருந்தாத்தான் கேக்காதா? அந்தக் கிருமிக்கு இந்த மருந்து பழகிப்போயிருந்தாலும் கேக்காது. முன்னாடி அவளுக்கு இதைப் போட்டிருக்கீங்களா?

உரும்கான்: நாலாவது மாசம் ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னா. மூணு நாள் போட்டேன். எரிச்சல் நின்னுச்சு, நிறுத்திட்டேன். ஆறாவது மாசம் மறுபடி வந்துச்சு. அப்ப ரெண்டு நாள்.

மேரிம்: அந்த எரிச்சலுக்கு ஊசியே வேணாம். கர்ப்பிணிக்கு ஆகுற சின்ன மாத்திரை இருக்கு, டாக்டர் எழுதித் தருவார். அதையும் சொன்ன நாள் வரைக்கும் முடிக்கணும்.

உரும்கான்: மாத்திரைய யாரு நம்புறா?

மேரிம்: அந்தக் குப்பிங்க எங்க வாங்கினது?

உரும்கான்: வாங்கல. தச்சர் வீட்டுல அவருக்கு வாங்கினதுல மிஞ்சினது. எப்பவும் அப்படித்தானே. சரியானதும் நிறுத்திட்டு மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவேன். வீணாக்கக் கூடாதுல்ல.

மேரிம்: இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

உரும்கான்: ரெண்டு தடவை கேட்டார். இதுக்கு முன்னாடி ஏதாவது போட்டிருக்கான்னு.

மேரிம்: என்ன சொன்னீங்க?

உரும்கான்: பக்கத்துல என் மகன் நின்னான்டி. அவன் பொண்டாட்டி, அவன் குழந்தை... நான்தான் போட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? இல்லைன்னுட்டேன். ஐஸாதாவும் என் மூஞ்சியப் பாத்துட்டுப் பேசாம படுத்துட்டா.

மேரிம்: நீங்க இல்லைன்னதாலதான் அவர் இதையே எழுதினார். சொல்லியிருந்தா அன்னிக்கே வேற மருந்து போட்டிருப்பார்.

உரும்கான்: சிறுநீர் சோதனை முடிவு நாளைக்கு வருமாம். அதுல தெரிஞ்சிடாதா?

மேரிம்: நாளைக்கு வரைக்கும் அவ தாங்குவாளா?

உரும்கான்: அப்படிச் சொல்லாத மேரிம். நீ போன் பண்ணிச் சொல்லு. நீ சொன்னா டாக்டர் நம்புவார்.

மேரிம்: நம்ப மாட்டார் அக்கா. நேர்லதான் போகணும், ரெண்டு பேரும். காலையில அவரே எனக்குப் போன் பண்ணினார். உங்க தெருவுக்கு டாக்டர் சீட்டு இல்லாம இந்த ஊசி மருந்து வித்திருக்கியான்னு கேட்டார். ஒரு குப்பிகூட வித்ததில்லைன்னு நானும் சத்தியம் பண்ணியிருக்கேன்.